திறக்காத, ஓடாத டிஸ்க் இமேஜ் கோப்புகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழி

கல்யாணம், வளைகாப்பு, அரங்கேற்றம் ஆகியவற்றின் பழைய வீடியோ வட்டுகளைக் கணினியில் டிஸ்க் இமேஜாக, அதாவது வட்டில் உள்ளதை அப்படியே நகலெடுத்த கோப்பாக, எடுத்து வைக்கும் வழக்கம் எங்கள் சுற்றத்தில் பரவியதிலிருந்து, "கோப்பு திறக்கவில்லை", "படம் வரவில்லை" என்று என்னிடம் வருகிறவர்கள் பலர். அப்படி வந்த கோப்புகளில் பெரும்பாலானவை உண்மையில் கெட்டுப்போனவை அல்ல. தவறான மென்பொருளில் திறக்கப்பட்டவை, பாதியில் நின்றுபோன நகல்கள், எடுக்கும்போதே பொருந்தாத வடிவத்தில் எடுக்கப்பட்டவை என்றே அவற்றைப் பிரிக்க முடிந்தது. அந்த அனுபவத்தை அறிகுறிவாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத எளிய காரணம் முதலிலும், செலவும் சிரமமும் மிகுந்தது கடைசியிலும் வரும். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியவை

கோப்பை வேறொரு டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, சோதனைகளை எல்லாம் அந்தப் பிரதியில் மட்டுமே செய்யுங்கள். மூல வட்டு இன்னும் வீட்டில் இருந்தால், கீறல் விழுந்திருந்தாலும் பூஞ்சை பிடித்திருந்தாலும், இந்தக் கோப்பு முழுமையாக ஓடுவதைக் கண்ணால் பார்க்கும்வரை அதை வெளியே போடாதீர்கள்.

பிறகு கோப்பின் அளவைப் பாருங்கள். விண்டோஸில் கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து பண்புகளைத் திறந்தால், அளவு பைட் கணக்கில் துல்லியமாகத் தெரியும். அந்த எண்ணை 2048ஆல் வகுங்கள். மீதியின்றி வகுபட்டால் அது டிஸ்க் இமேஜின் வழக்கமான வடிவமான ஐஎஸ்ஓ அமைப்பில் உள்ளது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வகுபடவில்லை என்றால் 2352ஆல் வகுங்கள். அது வகுபட்டால், வட்டில் தகவல் எழுதப்படும் ஒவ்வொரு சிறு பகுதியும் (செக்டர்) அதன் தலைப்புத் தகவலோடும் பிழைதிருத்தத் தகவலோடும் அப்படியே நகலெடுக்கப்பட்ட முழு இமேஜ் அது. இரண்டாலும் வகுபடாவிட்டால், கோப்பு பாதியில் நின்றிருக்கலாம், அல்லது கடைசியில் தன் சொந்தக் குறிப்பைச் சேர்த்து எழுதும் நீரோ போன்ற மென்பொருளில் எடுத்ததாக இருக்கலாம். 700 எம்பி சிடியின் இமேஜ் எப்படி 800 எம்பியைத் தாண்டியது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 80 நிமிட சிடியில் 3,60,000 பகுதிகள் உண்டு. பகுதிக்கு 2048 பைட் என்றால் 73,72,80,000 பைட், 2352 என்றால் 84,67,20,000 பைட். இரண்டும் ஒரே வட்டின் சரியான அளவுகள்தாம்.

கோப்பு சில கேபி மட்டுமே இருந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டாம். இணையத்திலிருந்து இறக்கியபோது கோப்புக்குப் பதிலாக ஒரு பிழைப் பக்கமே அந்தப் பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும்; நோட்பேடில் திறந்தால் அந்தப் பக்கத்தின் எழுத்துகள் தெரியும். முழு அளவுள்ள கோப்பை நோட்பேடில் திறந்து பார்க்க வேண்டாம், கணினி திணறிப்போகும்.

மின்னஞ்சலில் எதிர்பாராமல் வந்து சேர்ந்த சிறிய ஐஎஸ்ஓ கோப்பு என்றால் அதைத் திறக்க முயலாமல் அழித்துவிடுங்கள். தீங்கு செய்யும் நிரல்களை இந்த உறைக்குள் வைத்து அனுப்புவது பழகிப்போன முறை. கல்யாண வீடியோ ஒரு எம்பியில் அடங்காது.

அறிகுறி: இருமுறை சொடுக்கினால் வேறு மென்பொருள் திறக்கிறது, அல்லது எதில் திறப்பது என்று கேட்கிறது

விண்டோஸ் 8 முதல், ஐஎஸ்ஓ கோப்பைத் தனி மென்பொருள் இல்லாமலே மவுண்ட் செய்ய, அதாவது வட்டைப் போட்டதுபோல ஒரு டிரைவாகத் திறக்க, முடியும். ஆனால் 7-ஜிப், வின்ரார் போன்ற கோப்புச் சுருக்கும் மென்பொருள்களை நிறுவும்போது ஐஎஸ்ஓவையும் அவற்றோடு இணைத்திருந்தால், இருமுறை சொடுக்கும்போது அவையே முன்னே வரும். கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து, திறக்கும் மென்பொருளாக விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் இதையே பயன்படுத்து என்று குறித்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

கணினியில் இருப்பது விண்டோஸ் 7 என்றால் அதற்கு மவுண்ட் செய்யும் வசதி இல்லை. ஐஎஸ்ஓவை வெற்று வட்டில் எழுத மட்டுமே அதனால் முடியும். மவுண்ட் செய்வதற்கு வின்சிடிஎமு என்ற இலவச மென்பொருள் போதும். வெறும் வீடியோ பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மவுண்ட் செய்யாமலே விஎல்சி பிளேயரில் ஐஎஸ்ஓவை நேரடியாகத் திறந்து பாருங்கள்.

கோப்பின் பெயர் 001, 002 என்ற எண்களில் முடிந்தால், அது துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட கோப்பு. எல்லாத் துண்டுகளும் ஒரே கோப்புறையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, 7-ஜிப்பில் உள்ள கோப்புகளை ஒன்றிணைக்கும் கட்டளையால் சேருங்கள். ஒரு துண்டு இல்லாவிட்டாலும் மற்றவற்றைச் சேர்ப்பதில் பயன் குறைவு. விடுபட்ட துண்டைத்தான் தேட வேண்டும்.

அறிகுறி: மவுண்ட் செய்ய முயன்றால் பிழைச் செய்தி வருகிறது

*கோப்பு என்டிஎஃப்எஸ் டிரைவில் இருக்க வேண்டும், சுருக்கப்பட்ட கோப்புறையில் இருக்கக் கூடாது என்ற செய்தி.* இந்தச் செய்தியைக் கண்டு பலர் கோப்பே கெட்டுவிட்டது என்று அழித்துவிடுகிறார்கள். அது வீண் இழப்பு. என்டிஎஃப்எஸ் என்பது விண்டோஸ் தன் டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறை. கோப்பைக் கணினியின் உள் டிரைவில் ஒரு சாதாரண கோப்புறைக்குப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை மவுண்ட் செய்யுங்கள். டவுன்லோட் மென்பொருள்கள் சில, டிரைவில் இடத்தை முழுமையாகப் பிடிக்காத ஒரு தனி வகைக் கோப்பாக எழுதிவிடும். விண்டோஸ் அதை மவுண்ட் செய்ய மறுக்கும். பிரதி எடுத்தவுடன் அந்தத் தன்மை போய்விடும். அப்படியும் வந்தால், பண்புகளில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் சென்று, இடத்தைச் சேமிக்க உள்ளடக்கத்தைச் சுருக்கு என்ற தேர்வு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

*வேறு நிரல் கோப்பைப் பயன்படுத்துகிறது என்ற செய்தி.* அதே கோப்பு முன்பே மவுண்ட் ஆகியிருக்கலாம். கணினியின் டிரைவ் பட்டியலில் புதிய டிவிடி டிரைவ் ஏதேனும் இருந்தால் அதை வெளியேற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். இன்னும் இறங்கி முடியாத கோப்பாகவும் இருக்கலாம். எதுவும் இல்லை என்றால் கணினியை ஒருமுறை மறுபடி துவக்குங்கள்.

*கோப்பு சிதைந்துள்ளது என்ற செய்தி.* இது மூன்று வெவ்வேறு காரணங்களுக்கு வருகிறது. கோப்பு ஐஎஸ்ஓவே அல்லாமல், பின் (bin) அல்லது எம்டிஎஃப் (mdf) என்ற வேறு வகை இமேஜ் கோப்பின் பெயரை யாரோ ஐஎஸ்ஓ என்று மாற்றியிருக்கலாம். மேலே சொன்ன வகுத்தல் கணக்கு இதைக் காட்டிக்கொடுக்கும். கோப்பு பாதியில் நின்றிருக்கலாம். தந்தவரிடம் சரியான அளவைப் பைட் கணக்கில் கேட்டு ஒப்பிடுங்கள், கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 எண்ணும் தந்திருந்தால் 7-ஜிப்பின் வலது சொடுக்குப் பட்டியலிலேயே அதைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். மூன்றாவது, கோப்பு வந்து சேர்ந்த பென்டிரைவ். அளவு சரியாக இருந்தும் எண் பொருந்தவில்லை என்றால், கோப்பை விடப் பென்டிரைவைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். உறையில் 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே அதில் ஒரு பங்கு மட்டுமே உள்ள போலிகள் சந்தையில் உண்டு. எழுதும்போது அவை எந்தப் பிழையும் காட்டாமல், வாசிக்கும்போது குப்பையைத் தரும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய மென்பொருள் அதன் உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும்.

துல்லியமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் கோப்பைத் திறந்து, சுழியிலிருந்து எண்ணி 32,769ஆம் பைட்டுக்குப் போகலாம். ஐஎஸ்ஓ 9660 முறையில் அமைந்த இமேஜில் அங்கே சிடி001 (CD001) என்ற எழுத்துகள் இருந்தே தீரும். கோப்பின் தொடக்கத்தில் வெறும் சுழிகளே இருப்பதைப் பார்த்துக் கோப்பு காலி என்று முடிவு செய்ய வேண்டாம். முதல் 16 பகுதிகள் பொதுவாகவே வெறுமையாகத்தான் விடப்படுகின்றன. முதல் வரியிலேயே எஃப்எஃப் எஃப்எஃப் (FF FF) என்று தொடர்ச்சியாக வந்தால் அது 2352 பைட் வகை முழு இமேஜ்.

அறிகுறி: மவுண்ட் ஆகிறது, ஆனால் டிரைவ் தெரியவில்லை அல்லது உள்ளே ஒரே ஒரு உரைக்கோப்பு இருக்கிறது

டிரைவ் தெரியாவிட்டால், வட்டு மேலாண்மைப் பகுதிக்குச் சென்று புதிய டிவிடி டிரைவுக்கு எழுத்து ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் ஒதுக்கிக் கொடுங்கள். உள்ளே ஒரே ஒரு உரைக்கோப்பு இருந்து, அது யூடிஎஃப் என்ற கோப்பு அமைப்பு வடிவத்தைப் படிக்கும் இயங்குதளம் தேவை என்று சொன்னால், இமேஜில் குறை இல்லை. நீங்கள் பயன்படுத்தும் பழைய மென்பொருளுக்கு யூடிஎஃப் படிக்கத் தெரியவில்லை. விண்டோஸின் சொந்த மவுண்ட் வசதியில் அதே கோப்பு முழுமையாகத் திறக்கும்.

அறிகுறி: பின், கியூ, எம்டிஎஃப், என்ஆர்ஜி என்று முடியும் கோப்புகள் திறக்கவே இல்லை

விண்டோஸ் இவற்றை மவுண்ட் செய்யாது; வின்சிடிஎமு செய்யும். இவற்றில் பல இரட்டைக் கோப்புகள் என்பதை மறந்துவிடக் கூடாது. பின் கோப்பில் உள்ளடக்கம் இருக்கிறது, கியூ கோப்பில் அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு இருக்கிறது. திறக்க வேண்டியது கியூ கோப்பை. எம்டிஎஃப் கோப்புக்கு எம்டிஎஸ் துணை.

பின் கோப்பின் பெயரை "அக்கா கல்யாணம்" என்று மாற்றி வைத்தவுடன் கியூ வேலை செய்யாமல் போவது நான் அடிக்கடி பார்த்த பிழை. கியூ கோப்பு வெறும் உரைக்கோப்பு. நோட்பேடில் திறந்து, முதல் வரியில் மேற்கோளுக்குள் உள்ள பெயரைப் பின் கோப்பின் இப்போதைய பெயராக மாற்றிச் சேமித்தால் போதும். கியூ கோப்பு தொலைந்தே போயிருந்தாலும் கவலை வேண்டாம், ஐஎஸ்ஓபஸ்டர் என்ற மீட்பு மென்பொருள் பின் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டே உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். பின்னொட்டை ஐஎஸ்ஓ என்று மாற்றி எழுதுவது மட்டும் தீர்வல்ல. அது 2048 பைட் வகையாகத் தற்செயலாக இருந்தால்தான் பலிக்கும்.

அறிகுறி: விசிடியின் இமேஜ் திறக்கிறது, கோப்புகளும் தெரிகின்றன, படம் மட்டும் வரவில்லை

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் மீட்க முடியாத இழப்புகள் இங்கேதான் நேர்கின்றன.

டிவிடி பரவுவதற்கு முன் நம் ஊர் ஸ்டூடியோக்கள் கல்யாண வீடியோவை இரண்டு மூன்று விசிடிகளாகத்தான் கொடுத்தன. விசிடியின் முதல் தடம் (டிராக்) சிறியது. கோப்புப் பட்டியல் அதில்தான் இருக்கிறது. படம் இரண்டாவது தடத்திலிருந்து தொடங்குகிறது. கூடுதல் நேரம் படம் கொள்ள வேண்டும் என்பதற்காக அந்தத் தடங்களில் பகுதிக்கு 2048 பைட்டுக்குப் பதிலாக 2324 பைட் படத்தகவல் எழுதப்பட்டிருக்கும். ஐஎஸ்ஓ என்பதோ பகுதிக்கு 2048 பைட் என்று வகுத்த அமைப்பு. ஆகவே விசிடியை ஐஎஸ்ஓவாக எடுத்தால், சில மென்பொருள்கள் முதல் தடத்தை மட்டும் எடுத்துவிட்டு வெற்றி என்று அறிவித்துவிடும். மவுண்ட் செய்தால் எம்பெக்ஏவி என்ற கோப்புறையும், அதற்குள் சில நூறு எம்பி அளவு காட்டும் டேட் (dat) கோப்பும் தெரியும். அது வெறும் பட்டியல், பட்டியல் சுட்டும் இடத்தில் படம் இல்லை.

என் உறவுக்காரக் குடும்பம் ஒன்றில் மூன்று விசிடிகளை இப்படி ஐஎஸ்ஓவாக எடுத்து வைத்துக்கொண்டு, வட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். கோப்புகள் என் கைக்கு வந்தபோது, மூன்றும் சேர்ந்து சில எம்பிகூடத் தேறவில்லை. அந்த வீட்டு அப்பத்தா நலங்கு பாடியது அந்த மூன்றில் ஒரு வட்டில் மட்டும்தான் பதிவாகியிருந்தது. கோப்பின் அளவை ஒரு முறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதால்தான் அளவைப் பார்க்கும்படி முதலிலேயே வற்புறுத்தினேன்.

சோதனை இப்படி: இமேஜின் அளவு, உள்ளே தெரியும் டேட் கோப்பின் அளவை விடக் கணிசமாகக் குறைவாக இருந்தால், படம் இமேஜில் இல்லை, வட்டிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும், இந்தத் தடவை பின், கியூ வடிவத்தில். அளவு 2352ஆல் வகுபட்டு, நூற்றுக்கணக்கான எம்பி இருந்தால், படம் இருக்கிறது. கியூ கோப்பை விஎல்சியில் திறந்து பாருங்கள். வராவிட்டால் ஐஎஸ்ஓபஸ்டரில் இரண்டாவது தடத்தைத் தேர்ந்தெடுத்து எம்பெக் படமாகப் பிரித்தெடுங்கள். படத்தின் அளவு 352×288 புள்ளிகள்தாம், இன்றைய திரையில் மங்கலாகத் தெரிவது பிழை அல்ல.

பாட்டு சிடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதில் கோப்பு முறையே கிடையாது. அதை ஐஎஸ்ஓவாக எடுக்க வழியும் இல்லை.

அறிகுறி: டிவிடி இமேஜ் மவுண்ட் ஆகிறது, படம் ஓடவில்லை

விண்டோஸ் 8 முதல், விண்டோஸோடு வரும் பிளேயர்கள் டிவிடியை ஓட்டுவதில்லை. ஆகவே முதலில் விஎல்சியில் முயலுங்கள். என்னிடம் வரும் டிவிடி புகார்களில் பெரும்பங்கு இத்தோடு முடிந்துவிடுகிறது.

விஎல்சியிலும் மெனு வராவிட்டால், மவுண்ட் செய்த டிரைவில் வீடியோ_டிஎஸ் கோப்புறையைத் திறந்து, ஒரு ஜிபி அளவுக்கு அருகில் உள்ள, படம் அடங்கிய விஓபி (vob) கோப்பு ஒன்றைத் தனியே ஓட்டிப் பாருங்கள். அது ஓடினால் படம் பத்திரமாக இருக்கிறது, வழிகாட்டும் ஐஎஃப்ஓ கோப்புதான் பழுது. ஒவ்வொரு ஐஎஃப்ஓ கோப்புக்கும் அதே பெயரில் பியூபி என்று முடியும் மாற்றுப்பிரதி அருகிலேயே உண்டு. கோப்புறையை முழுவதுமாக உள் டிரைவுக்குப் பிரதி எடுத்து, பியூபியின் பிரதி ஒன்றுக்கு ஐஎஃப்ஓ என்று பின்னொட்டு மாற்றி, பழுதானதன் இடத்தில் வையுங்கள்.

கோப்புறையே காணவில்லை, டிரைவ் காலியாகத் தெரிகிறது என்றால், வட்டு எங்கே பதிவானது என்று கேட்டறியுங்கள். 8 செ.மீ. சிறு டிவிடியில் நேரடியாகப் பதிவு செய்யும் கேமராக்களில், பதிவு முடிந்தபின் வட்டை முடித்துவைக்கும் (ஃபைனலைஸ்) கட்டளையைக் கொடுக்காமல் விட்டிருந்தால், கணினிக்கு அது வெற்று வட்டாகவே தெரியும். அதே கேமரா கிடைத்தால் அதில் போட்டு முடித்துவைப்பதே எளிய வழி. கிடைக்காவிட்டால் ஐஎஸ்ஓபஸ்டர்.

அறிகுறி: நன்றாக ஓடி, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்கிறது

கோப்பை உள் டிரைவுக்குப் பிரதி எடுத்து ஓட்டுங்கள். நிற்கும் இடம் மாறினால் அல்லது நிற்காமல் ஓடினால், குறை பென்டிரைவிலோ கேபிளிலோ இருந்தது. அதே இடத்தில் நின்றால், இமேஜ் எடுக்கும்போதே வட்டின் அந்தப் பகுதி வாசிக்கப்படவில்லை என்று பொருள்.

அப்படியானால் வட்டுக்குத் திரும்ப வேண்டும். மென்மையான துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள்; வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே அமைந்து அதிகத் தீங்கு செய்யும். பிறகு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலைக் கொண்டு எடுங்கள். அது வாசிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். அந்த வரைபடக் கோப்பை வைத்துக்கொண்டே வட்டை இன்னொரு கணினியின் டிரைவில் போட்டு விட்டுப்போன இடங்களை மட்டும் தொடரலாம். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை வேறொரு டிரைவ் சாதாரணமாக வாசித்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே கீறல் போக வட்டை மெருகூட்டுவதற்குப் பணம் கொடுக்கும் முன், தெரிந்தவர்களிடமிருந்து இரண்டு மூன்று டிரைவ்களில் முயல்வது நல்லது. விசிடிக்கு மட்டும் இந்த வழியை எடுக்காமல், மேலே சொன்னபடி தடங்களை முழுமையாக வாசிக்கும் மென்பொருளையே பயன்படுத்துங்கள்.

அறிகுறி: கணினியில் ஓடுகிறது, டிவிடி பிளேயரிலோ டிவியிலோ ஓடவில்லை

எழுதிய வட்டைக் கணினியில் போட்டுப் பாருங்கள். உள்ளே ஒற்றை ஐஎஸ்ஓ கோப்பு தெரிந்தால், இமேஜை விரித்து எழுதாமல் ஒரு சாதாரணக் கோப்பாகவே எழுதியிருக்கிறீர்கள். ஐஎஸ்ஓவின் மேல் வலது சொடுக்கு செய்து, வட்டு இமேஜை எழுது என்ற கட்டளையால் புதிய வட்டில் எழுத வேண்டும்.

பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினால் பெரும்பாலான டிவிகள் ஐஎஸ்ஓவைக் கண்டுகொள்வதில்லை. ஹேண்ட்பிரேக் மென்பொருளில் அந்த இமேஜைத் திறந்து எம்பி4 ஆக மாற்றுங்கள். கல்யாண டிவிடிகள் பெரும்பாலும் இடைக்கோட்டு முறையில், அதாவது படத்தின் கோடுகள் ஒன்று விட்டு ஒன்றாக (இன்டர்லேஸ்), பதிவானவை என்பதால், அதற்கான வடிகட்டியை இயக்காவிட்டால் ஆட்கள் நகரும்போது விளிம்புகள் சீப்புப் பல்போல் தெரியும். 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைப் பென்டிரைவ் ஏற்க மறுத்தால் அது ஃபேட்32 முறையில் உள்ளது. உள்ளிருப்பதைப் பத்திரப்படுத்திவிட்டு எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றலாம். எம்பி4 கிடைத்துவிட்டது என்று ஐஎஸ்ஓவை அழித்துவிட வேண்டாம். மாற்றும்போது தரம் சற்றுக் குறைகிறது, மெனுவும் போய்விடுகிறது.

மாக், லினக்ஸ் கணினிகளில்

மாக்கில் ஐஎஸ்ஓ இருமுறை சொடுக்கினாலே திறக்கும். மவுண்ட் செய்யத்தக்க கோப்பு முறை இல்லை என்ற செய்தி வந்தால், பாதியில் நின்ற கோப்பா என்று முதலில் பாருங்கள். மாக்கின் சொந்த இமேஜ் வடிவமான டிஎம்ஜி கோப்பாக இருந்து, கணினியின் இயங்குதளம் 2017இல் வந்த ஹை சியராவுக்கு முந்தையதாக இருந்தால், ஏபிஎஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறையை அதனால் படிக்க முடியாததே காரணமாக இருக்கலாம். லினக்ஸில் ஐஎஸ்ஓவுக்குத் தனி ஏற்பாடு தேவையில்லை; கியூ, எம்டிஎஸ், என்ஆர்ஜி ஆகியவற்றுக்குச் சிடிஎமு என்ற மென்பொருள் வேண்டும்.

எந்தக் கட்டத்தில் வல்லுநரிடம் போக வேண்டும்

இமேஜ் இருக்கும் ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று ஒலி எழுப்பினாலோ, அடிக்கடி மறைந்து மறைந்து தோன்றினாலோ, அந்த நிமிடமே மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். மீட்பு மென்பொருளை நீங்களே ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முயற்சியும் அவர்கள் மீட்கக்கூடியதைக் குறைக்கும்.

வட்டு என்றால், மூன்று டிரைவ்களிலும் வாசிக்கப்படாதபோது போங்கள். போவதற்கு முன் வட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடிப்பக்கக் கீறல் என்றால் மெருகூட்டும் கருவியால் பலன் இருக்கும். சிடியில் தகவல் அடுக்கு மேல்பக்க அச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அச்சு உரிந்து ஒளி ஊடுருவும் ஓட்டை தெரிந்தால், அந்த இடத்துத் தகவல் உரிந்த தோலோடு போய்விட்டது, மெருகூட்டக் கொடுத்துப் பணத்தை விரயம் செய்ய வேண்டாம். ஆனால் மற்ற இடங்களில் உள்ளதை இன்னும் எடுக்கலாம். டிவிடியில் தகவல் அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் மேல்பக்கக் கீறலுக்கு அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை.

கொண்டுபோகும்போது ஓடாத கோப்பை மட்டும் கொடுக்காமல் மூல வட்டையும், டிடிரெஸ்க்யூ ஓட்டியிருந்தால் அதன் வரைபடக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். மாற்றப்பட்ட வீடியோவோடு முழு இமேஜும் வேண்டும் என்றும், வட்டைத் திருப்பித் தர வேண்டும் என்றும் பணம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். திரும்பி வந்த கோப்பை அங்கேயே, அவர்கள் கணினியிலேயே, தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.